மேடைக்கு அடியில் ஐந்தாம் நம்பர்

சியோல்,
மார்ச் 2

டேய் பில்மோ, சிப்பி பொறுக்கி,

உன் முட்டி எப்படிடா இருக்கு? ஆபரேஷன் பண்ணின டாக்டர் உள்ள கத்திரிக்கோலை வச்சுத் தைச்சுட்டதா கனவு கண்டேன். எந்திரிச்சு உக்காந்து சிரிச்சேன். நீ படிச்சவன். என் எழுத்துல தப்பு இருந்தா மனசுக்குள்ள திருத்திக்க, திருப்பி அனுப்பாத. போன தடவை சிவப்பு மையில கோடு போட்டு அனுப்பினியே, அந்தக் காகிதத்துல காஞ்ச கணவாயைக் கொட்டி வச்சுத் தின்னேன்.

உன் பேத்தி சௌக்கியம். யோவுல் பாட்டுக் குழுவுல அஞ்சு பொண்ணுங்க இருக்குதுங்க, செவொன்தான் கடைக்குட்டி, ஆனா சாப்பாட்டுல மூத்தவ. மேனேஜர் திரும்பினா போதும், என் கிம்பாப்பு சோத்துச் சுருள்ல ரெண்டு துண்டு காணாமப் போவுது. கேட்டா, "தாத்தா, உங்களுக்குத்தான் பல்லு இல்லையே"ங்கறா. உன் ரத்தம்தானே.

அதுங்களுக்கு இது முதல் சுற்றுப்பயணம். சியோல்ல ரெண்டு நாள், அப்புறம் பூசான், தைபே, ஒசாகா. ஆட்டம் விபத்தில்லாம நடக்கணும்னு வழக்கம்போல நேத்து பூஜை போட்டோம். பன்னித்தலைக்கு முன்னாடி அஞ்சும் வரிசையா விழுந்து கும்பிட்டுதுங்க. அந்தப் பன்னி சாட்சாத் உன்னை மாதிரியே சிரிச்சுது. நான் மட்டும் ரெண்டு தடவை கும்பிட்டேன்.

ஏன் ரெண்டு தடவைன்னு உனக்கு மட்டும் சொல்றேன். வேற எவனுக்கும் சொல்லாத.

பனிக்காலத்துலேர்ந்து என் வலது காது செத்துப்போச்சு. இடது காதுல எல்லாரும் தண்ணிக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருக்கு. அதான் உன்கிட்ட போன்ல பேசறதில்ல. நீ நினைக்கற மாதிரி திமிர் இல்ல. மேடைக்கு அடியில நிக்கறப்ப இயர்போன்ல "ஏத்து", "இறக்கு", "பொறு"ன்னு சொல்றாங்க. எனக்கு எல்லாம் 'ங்ங்ங்'னுதான் கேக்குது. நான் "சரி"ன்னு சொல்லிடறேன்.

நீதானே கம்பெனிக்காரங்ககிட்ட "எங்க செவொனை மேடைக்கு ஏத்தி இறக்கற லிஃப்டை மெங் தொக்பே கையிலதான் கொடுக்கணும்"னு அடம் பிடிச்சே? கொடுத்துட்டாங்க. அஞ்சாம் நம்பர்.

பன்னிக்கு அடுத்தபடி உன்னை வணங்கும்,
தொக்பே


தொங்யோங்,
மார்ச் 6

அன்பு தொக்பேவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் பக்கத்துக்குச் சிரித்தேன். இரண்டாம் பக்கம் வந்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன், மருமகள் பார்த்துவிடக் கூடாதென்று.

மேடைக்கு அடியில் முப்பது வருடம் ஒன்றாகக் கிடந்தவர்கள் நாம். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லிஃப்டுப் பலகை இறங்கிவிட்டால் அந்த இடம் மூன்று மீட்டர் கிணறு. மேலே விளக்கை அணைத்திருப்பார்கள். கடைசிப் பாட்டில் ஐந்து பேரும் சிரித்துக்கொண்டே பின்பக்கமாகவே நடந்து வந்து அவரவர் பலகையில் நிற்க வேண்டும் என்று செவொன் சொன்னாள். அவளுக்கு முதுகில் கண் இல்லை. உனக்குக் காது இல்லை.

நீயே இயக்குநர் யூனிடம் சொல்லிவிடு. நான் சொன்னால் உன்னை அனுப்பிவிடுவார்கள். நீ சொன்னால் ஒரு சிவப்பு விளக்காவது கட்டித் தருவார்கள். விளக்கு எரிந்தால் பொறு, அணைந்தால் இறக்கு. அவ்வளவுதானே? வெட்கப்படாதே.

முட்டி பரவாயில்லை. கத்திரிக்கோல் இல்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது.

பில்மோ


சியோல்,
மார்ச் 13

டேய் பயந்தாங்கொள்ளி,

ரெண்டு நாளும் முடிஞ்சுது. ஒரு பிசகும் இல்ல. உன் பேத்தி பட்டாசு மாதிரி மேல போனா, பூ மாதிரி கீழ வந்தா. நாப்பது வருஷமா இந்த வேலை பாக்கறவனுக்குக் காது எதுக்குடா? உள்ளங்கையை மேடையோட இரும்புத் தூண்ல வச்சுக்கறேன். டிரம் அடிக்கறது தூண் வழியா கைக்கு வருது. எண்ணிக்கிட்டே இருப்பேன். கடைசிப் பாட்டுல நூத்திப் பன்னெண்டாவது அடியில மேல இருக்கற பலகையில அவ வந்து நிப்பா, நூத்தி இருவதுல இறக்கணும். அவளும் அதே தாளத்துக்குத்தானே நடக்கறா? தாளம் தப்பாது.

யூன்கிட்ட சொல்லப் போனேன். சத்தியமா போனேன். அந்தம்மாவுக்கு முப்பத்தஞ்சு வயசுதான், ஆனா பார்வையிலயே மீனைச் சுட்டுடுவாங்க. கிட்டப் போய் உதட்டைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

"மெங் ஐயா, ஏதாவது சொல்லணுமா?"

"ஆமாங்க."

"சொல்லுங்க."

"சாப்பாட்டுல முள்ளங்கி ஊறுகாய்க்கு உப்பு பத்தல."

அந்தம்மா குறிச்சு வச்சுக்கிட்டாங்க. மறுநாள் உப்பு நல்லா இருந்துச்சு. நான்தான் சாப்பிடல.

சொன்னா என்னடா ஆவும்? விளக்கு கட்ட மாட்டாங்க. "ஐயா, நீங்க ஓய்வெடுங்க"ன்னு கையைப் புடிச்சு டாக்சியில ஏத்துவாங்க. வீட்டுல போய் சத்தம் கேக்காத டிவி முன்னாடி உக்காரணும். அதுல சமையக்காரன் வாயை வாயைத் திறப்பான். கீழ அந்த இருட்டுல நிக்கறப்பதான் நான் மெங் தொக்பே.

ஆனா ஒண்ணு. ரெண்டாம் நாள் மேல போறதுக்கு முன்னாடி செவொன் குனிஞ்சு என் இடது காதுகிட்ட வந்தா. அவளுக்கு எப்படியோ தெரியும் போல, எந்தக் காதுன்னு.

"தாத்தா, வயித்தைக் கலக்குது."

"எனக்கும்தான். எனக்கு மூலம், உனக்கு என்ன?"

சிரிச்சா. அப்புறம் சொன்னா: "மேல போறது பயமில்ல தாத்தா. கீழ வர்றதுதான். திரும்பிப் பாக்கக் கூடாதாம், அழகு கெட்டுடுமாம். பலகை இருக்கும்னு நம்பிக் காலை வைக்கறேன்."

அதுலேர்ந்து எனக்கு சோறு இறங்கல. ஒசாகா வரைக்கும் பொறுடா. அஞ்சு ராத்திரி ஆட்டம்தானே, ரெண்டு போயிடுச்சு.

உப்பு பத்தாத,
தொக்பே


தொங்யோங்,
மார்ச் 18

தொக்பே,

ஒசாகா வரைக்கும் முடியாது. பூசான் வரைக்கும். பூசான் முடிந்த மறுநாளும் நீ சொல்லவில்லை என்றால் நான் யூனைக் கூப்பிட்டுச் சொல்வேன். இதை மட்டும் கேலி செய்யாதே.

பில்மோ


சியோல்,
ஏப்ரல் 3

பில்மோ,

பூசான் முடிஞ்சு ஒன்பது நாளாச்சு. நீ யூனைக் கூப்பிடலேன்னு தெரியுது. கூப்பிட்டிருந்தா எனக்கு இதை எழுதற வேலை இருந்திருக்காது.

இந்தக் கடிதத்துல கேலி எதுவும் இல்ல. தேடாத.

பூசான்ல காலையில எல்லாரையும் கூட்டி வச்சு யூன் ஏதோ சொன்னாங்க. நான் பின் வரிசையில இருந்தேன். எல்லாரும் தலையாட்டினாங்க, நானும் ஆட்டினேன். சொன்னது என்னன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ரசிகருங்க சேந்து ஒரு ஏற்பாடு பண்ணியிருக்காங்க. கடைசிப் பாட்டு நடுவுல பாட்டை நிறுத்தறது, அரங்கம் பூரா ஆளுக்கொரு தாளைத் தூக்கிப் பிடிக்கறது, அவங்களே மிச்சப் பாட்டைப் பாடறது. பொண்ணுங்களுக்குத் தெரியாது, அதுங்க அழணும். "எத்தனை நேரம் ஆவும்னு தெரியாது, நான் சொல்ற வரைக்கும் எவரும் லிஃப்டைத் தொடக் கூடாது"ன்னு யூன் சொன்னாங்களாம்.

நான் தூண்ல கை வச்சு எண்ணிக்கிட்டிருந்தேன். தொண்ணூத்தாறுல டிரம் நின்னுபோச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் தூண்ல அதிர்வு வந்துச்சு. அது டிரம் இல்லடா, ஆறாயிரம் பேர் காலால தரையை அடிச்சுப் பாடினது. எனக்கு என்ன தெரியும்? விட்ட இடத்துலேர்ந்து எண்ணினேன். நூத்திப் பன்னெண்டு வந்துச்சு, அவ பலகையில நின்னிருப்பான்னு நினைச்சேன். நூத்தி இருவதுல இறக்கினேன்.

இயர்போன்ல 'ங்ங்ங்'னு வந்துச்சு. "சரி"ன்னேன்.

பலகை கீழ வந்துச்சு. அதுல யாரும் இல்ல.

வெறும் பலகைடா பில்மோ. நாப்பது வருஷத்துல நான் பாத்ததுலயே பயங்கரமான சாமான் அதுதான்.

மேல பாத்தேன். குழியோட விளிம்புல வெள்ளை பூட்ஸ் குதிகால் ஒண்ணு வந்து நின்னுச்சு. அவ அழுதுக்கிட்டே ரசிகருங்களுக்குக் குனிஞ்சு குனிஞ்சு வணக்கம் சொல்லி, ஒவ்வொரு வணக்கத்துக்கும் ஒரு அடி பின்னால வர்றா. நான் கத்தினேன். அவ காதுலயும் இயர்போன். எனக்கே என் குரல் கேக்கல. மறுபடி பலகையை ஏத்தணும்னா ஆறு விநாடி ஆவும், ஏத்தினா பாதத்தை நசுக்கிடும். பக்கத்துல இருந்த ஏணியில ரெண்டு படி ஏறி கையை நீட்டினேன். குதிகால் காத்துல வந்துச்சு. உள்ளங்கையால அடியிலேர்ந்து முட்டுக் கொடுத்துத் தள்ளினேன்.

அவ நின்னா. அப்படியே கல்லு மாதிரி நின்னா. அப்புறம் காலை முன்னால எடுத்து வச்சா. அரங்கத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது.

ஆட்டம் முடிஞ்சு கீழ வந்தா. முகத்துல பவுடரையும் மீறி ரத்தமே இல்ல. என் இடது காதுகிட்ட வந்து, "உங்க கைதான்னு தெரியும் தாத்தா. நான் யாருக்கும் சொல்லல"ன்னா. நானும் கோழை மாதிரி, "சரிம்மா"ன்னேன்.

இன்னிக்குக் காலையில தைபேக்கான ஒத்திகை. கடைசிப் பாட்டுல செவொன் திரும்பிப் பாத்தா. யூன் நிறுத்தினாங்க. மறுபடி பாத்தா. மூணாவது தடவை யூன் மேடைக்கு ஏறி வந்து, எல்லார் முன்னாடியும், "உனக்கு முதுகுல என்ன, பேயா? மத்த நாலு பேருக்கும் இல்லாத அழகு உனக்கு இருக்கா? முடியலேன்னா சொல்லு, நாலு பேரை வச்சு முடிச்சுக்கறேன்"னு திட்டினாங்க. கிட்ட நின்னதால உதட்டைப் படிச்சேன். அந்தப் பொண்ணு, "மன்னிச்சுடுங்க, இனிமே பாக்க மாட்டேன்"னு குனிஞ்சா. ஒரு தடவைகூட என் பக்கம் பாக்கல. பாத்தா நான் மாட்டிக்குவேன்னு.

அதுக்கு மேல என்னால நிக்க முடியல. மேடை ஏறிப் போய், "அவளைத் திட்டாதீங்க, நான் செவிடன்"னு சொன்னேன். பூசான்ல நடந்ததையும் சொன்னேன். கத்திச் சொன்னேனாம், எல்லாருக்கும் கேட்டுச்சாம்.

யூன் என்னைத் திட்டல. சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அப்படித் திரும்பி நின்னே ரொம்ப நேரம் பேசினாங்க. உதடு தெரியல. கேக்கணும்னு எனக்கும் தோணல.

இப்ப வீட்டுல இருக்கேன். என்னைத் திட்டி எழுது. இந்தத் தடவை சிவப்பு மையிலயே எழுது.

தொக்பே


தொங்யோங்,
ஏப்ரல் 9

தொக்பேவுக்கு,

நான் பூசானுக்கு வந்திருந்தேன்.

யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்தேன். பதினாலாவது வரிசை. பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண். என் கையிலும் ஒரு தாளைத் திணித்து, "தாத்தா, பாட்டு நின்னதும் தூக்கிப் பிடிங்க, கீழ எறக்கிடாதீங்க" என்றாள். 'இன்னும் கொஞ்ச நேரம் இருங்க' என்று அதில் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது.

செவொனுக்குப் பின்னால் மேடை ஓர் இடத்தில் மட்டும் அதிகக் கறுப்பாக இருப்பதைப் பார்த்தேன். ஆறாயிரம் பேரில் அது என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். எழுந்து கத்தியிருக்க வேண்டும். தாளைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் கால் காற்றில் நின்றதையும், பிறகு முன்னால் வந்ததையும் பார்த்தேன். அந்தப் பெண், "அழாதீங்க தாத்தா, அடுத்த வருஷமும் வருவாங்க" என்று எனக்குக் கைக்குட்டை கொடுத்தாள்.

மறுநாள் யூனைக் கூப்பிடுவேன் என்று எழுதியவன் நான். கூப்பிடவில்லை. ஒன்பது நாளும் போனை எடுத்து எடுத்து வைத்தேன். கூப்பிட்டால் அவர் கேட்கும் முதல் கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும்: 'உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?' அதற்கு நான் சொல்லும் பதில் செவொன் காதுக்கும் போகும். அதற்குப் பயந்தேன். உன் பயத்தை விட என் பயம் அசிங்கமானது. உன் கையாவது மேலே நீண்டது.

ஆகவே சிவப்பு மை கிடையாது. திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

செவொன் தைபேக்குக் கிளம்பும் முன் நேற்று அவளைப் போனில் கூப்பிட்டேன். மார்ச் ஆரம்பத்திலேயே எனக்குத் தெரியும், தெரிந்தும் சும்மா இருந்தேன் என்று சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இயக்குநரம்மா ஒத்துக்கிட்டாங்க தாத்தா," என்றாள். "இப்பல்லாம் நான் திரும்பிப் பாத்துட்டுத்தான் காலை வைக்கறேன்."

அப்புறம் போனை வைத்துவிட்டாள்.

பில்மோ