ஏரிக்குக் கொண்டுபோன மூக்கு

பிப்ரவரி 9, திங்கள்

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் கட்டும் மின்னணு மூக்கு இன்றும் அடங்கவில்லை. சுத்தமான காற்றை விட்டாலும் ஏதோ இருக்கிறது என்கிறது. மீன் கெடுவதை மனிதருக்குத் தெரியும் முன்பே சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை வருடம் இதைக் கட்டுகிறோம். வாசத்தை உணரும் சில்லுகளின் மேல்பூச்சு என்னுடையது, மின்சுற்று ஆர்வோவுடையது. ஆனால் இது மீனை விட்டுவிட்டு எங்களை மோப்பம் பிடிக்கிறது. அதனால்தான் போன இலையுதிர் காலத்தில் எங்கள் நால்வரின் வாசத்தையும் அதற்குப் பழக்கினோம், கணக்கிலிருந்து கழித்துவிடலாம் என்று. திரையில் நான்கு பச்சைப் பட்டைகள்: ரோன்யா என்று நான், பிறகு ஆர்வோ, கோல்பி, ட்ரெம்பாத். கீழே மீனுக்கு ஒரு சிவப்புக் கோடு.

காலையில் நான்தான் முதலில் வந்து ஆய்வுக்கூடத்தைத் திறந்தேன். ஆர்வோவின் பட்டை பாதிக்கு மேல் ஏறியிருந்தது.

ஆர்வோ ஜனவரியில் உறைந்திருந்த ஹெரான் ஏரியின் பனி உடைந்து பனிவண்டியோடு உள்ளே போனான். வண்டியை மேலே எடுத்தார்கள். அவன் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 10

சில்லுகளை மாற்றினேன். வேறு கணினியில் ஓட்டினேன். அப்போதும் ஆர்வோ.

பிப்ரவரி 12

கோல்பியிடம் காட்டினேன். "சில்லு கெட்டுப்போச்சு, வேற என்ன? பேய்க்கு வேர்க்குமா?" என்று சிரித்தான். சிரித்துவிட்டுத் தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

கதவுப் பதிவைப் பார்த்தேன். எனக்கு முன்னால் யாரும் வரவில்லை. பட்டை காலையில் ஏறுகிறது, மத்தியானத்துக்குள் வடிந்துவிடுகிறது. வேலைக்கு வந்துவிட்டுப் போகிறவனைப் போல.

ஒருவேளை அவன் சாகவே இல்லையோ? கரையேறிவிட்டானோ? ஏறியிருந்தால் ஏன் வீட்டுக்குப் போகவில்லை? என்ன நினைப்பு இது.

பிப்ரவரி 13

இன்று பட்டையைப் பார்த்து "குட் மார்னிங்" என்று சொல்லிவிட்டேன். கோல்பியின் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். சுவரோர நீராவிச் சூடேற்றிக்குப் பின்னால், அவனுடைய பனிக்காலணியின் கம்பளி உள்ளுறைகள். ஈரம் காயட்டும் என்று செருகி வைத்தவன் மறந்திருக்கிறான். காலையில் கட்டடம் சூடேறும்போது அவையும் சூடேறுகின்றன. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். ஆனால் அவற்றை வெளியே இழுத்தபோது பட்டை உச்சிக்குப் போனது. திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவன் அக்கா ஐலாவுக்கு ஃபோன் செய்தேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வெள்ளிக்கிழமை வருகிறாளாம்.

பிப்ரவரி 20

ஐலா வந்தாள். பேருந்து ஓட்டும்போது போடும் ஆரஞ்சுச் சட்டையோடு. உள்ளுறைகளைக் கையில் வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஆர்வோவின் பட்டை நிறைந்து நின்றது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"இது என்ன, அவன் பேரு?"

சொன்னேன். சொல்லாமல் மூடி வைத்திருக்கலாம்.

"அப்ப இதுக்கு அவனைத் தெரியுமா?"

"தெரியும்."

"போலீஸ் மோப்ப நாயைக் கூட்டிட்டுப் போனாங்க, பனி மேல ஒண்ணும் புரியல அதுக்கு. பனி விட்டதும் இதை ஏரிக்குக் கொண்டு வா ரோன்யா. எங்கிட்ட படகு இருக்கு."

சரி என்றேன். அந்த முகத்துக்கு முன்னால் வேறு என்ன சொல்வது?

பிப்ரவரி 23

பேராசிரியர் ட்ரெம்பாத்திடம் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"அதுக்குத் தெரிஞ்சது உயிரோட இருந்தவன் வாசம். இப்ப தண்ணிக்குள்ள இருக்கிறவனுக்கு அந்த வாசம் கிடையாது."

"தெரியும்."

"ஏதாவது காட்டினா எந்தக் கோட்டுல காட்டும்னு தெரியுமா உனக்கு?"

தெரியும். மீனில் எது கெடுகிறதோ அதுதான் நம்மிலும் கெடுகிறது. அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

"அவகிட்ட முன்னாடியே சொல்லிடு" என்றார். "படகுல வச்சு சொல்லாதே."

மார்ச் 14

ஐலாவிடமிருந்து செய்தி: "பனி இன்னும் லாரியைத் தாங்குது." நீளமாக ஒரு பதில் எழுதினேன். அழித்தேன். "சரி" என்று மட்டும் அனுப்பினேன்.

மார்ச் 30

ஐலா உள்ளுறைகளை எடுத்துப் போனதிலிருந்து ஆர்வோவின் பட்டை எழவே இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டும். காலையில் கதவைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

ஏப்ரல் 27

பனி விட்டது. சிவப்புக் கோட்டைப் பற்றி ஐலாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளை சொல்கிறேன்.

மே 9, சனி

ஏரியிலிருந்து இப்போதுதான் திரும்பினேன். எழுதிவிடுகிறேன்.

சொல்லாமலேதான் படகில் ஏறினேன். ஐலா பின்னால் உட்கார்ந்து மோட்டாரை மெதுவாக ஓட்டினாள். நான் முன்னால் குனிந்து உறிஞ்சுகுழாயைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பிடித்திருந்தேன். திரை நடுவில். வண்டி விழுந்த இடத்தைத் தாண்டினோம், ஒன்றுமில்லை. நாணல் ஓரம் திரும்பியபோது காற்று பின்னாலிருந்து வீச ஆரம்பித்தது. ஆர்வோவின் பட்டை எழுந்தது.

ஐலா மோட்டாரை நிறுத்தினாள். "இங்கதான். ரோன்யா, இங்கதான் இருக்கான்."

தவழ்ந்து முன்னால் வந்து என் தோளுக்கு மேல் எட்டித் தண்ணீரைப் பார்த்தாள். பட்டை இன்னும் ஏறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள், இறங்கியது. மறுபடி குனிந்தாள். ஏறியது.

 அன்று ஆய்வுக்கூடத்தில் பட்டை நிறைந்ததும் கம்பளியால் மட்டும் அல்ல.

"ஐலா, அது நீ."

"என்ன?"

"உன் வாசம். கூடப் பிறந்தவங்க இல்லையா, உன்னை அவன்னு நினைக்குது."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கையை நீட்டி உள்ளங்கையைக் குழாயின் வாயருகே வைத்தாள். ஆர்வோவின் பட்டை முழுதும் நிறைந்தது. அவள் கையை எடுக்கவில்லை. சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. படகு தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப இதால அவனைக் கண்டுபிடிக்க முடியாது" என்றாள் கடைசியில்.

"பேரைப் பாக்காதே. கீழே அந்தச் சிவப்புக் கோட்டைப் பாரு."

"அது மீனுக்குன்னு சொன்னியே."

நான் குழாயைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் போய் உட்கார்ந்து மோட்டாரைக் கிளப்பினாள்.

"எந்தப் பக்கம்?" அதை மட்டும் கேட்டாள்.

அதன்பிறகு அவள் திரையைப் பார்க்கவே இல்லை. கரையைப் பார்த்தபடி நான் கை காட்டிய பக்கம் திருப்பினாள். பழைய படகுத்துறையின் கம்பங்களுக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு எழுந்தது. வட்டமடித்து வந்தோம். அதே இடத்தில் மறுபடி எழுந்தது. மூன்றாவது முறையும். என் மூக்குக்கு வெறும் தண்ணீர் வாசம்தான். நாணல் துளிர்த்திருந்தது, வெயில் நன்றாக அடித்தது, தூரத்தில் யாரோ தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மே 10

மாவட்டக் காவல்துறையின் முக்குளிப்பவர்கள் மத்தியானம் அவனை வெளியே எடுத்தார்கள். கம்பங்களுக்கு நடுவில் இருந்தான்.

மே 16, சனி

அடக்கம். சர்ச்சின் கீழ்த்தளத்தில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும். கோல்பி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஐலா என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனாள்.

"உனக்கு முதல்லயே தெரியும்."

"தெரியும்."

"சொல்லியிருந்தா நான் படகை எடுத்திருக்க மாட்டேன்" என்றாள். நன்றியாகச் சொன்னாளா, குற்றமாகச் சொன்னாளா? கேட்கத் துணிவில்லை. தட்டில் இன்னொரு துண்டு ரொட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 22

ட்ரெம்பாத் சொல்கிறார்: "மீன் கம்பெனிக்காரங்க வேற ஆளைப் பாத்துக்கட்டும். உனக்கு விருப்பம்னா, தண்ணில போனவங்களைத் தேடுறதுன்னு ஆய்வுத் தலைப்பை மாத்திடலாம். ஆனா அவசரப்படாதே, இதோட வருஷக்கணக்கா வாழணும்." யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

செப்டம்பர் 24, வியாழன்

விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து ஒருவர் அழைத்தார். காவல்துறையில் யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய மகள், ஆகஸ்டில் தனியாகத் துடுப்புப் படகில் போனவள். படகு மட்டும் கரை ஒதுங்கியதாம். ஏரியின் ஆழம், காற்றடிக்கும் திசை, எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். இப்போதெல்லாம் என் குரல் நடுங்குவதில்லை.

கடைசியில் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அவளோட தலையணை உறை ஒண்ணு இருக்கு. இன்னும் துவைக்கல. மோப்பத்துக்கு ஆகும்னா அனுப்பட்டுமா?"

கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மூச்சு கேட்டது.

"இல்லைங்க. நாங்க தேடுறதுல அந்த வாசம் இருக்காது" என்றேன்.

 ஃபோனை வைத்துவிடுவாரோ என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன். "துவைக்காதீங்க."