கட்டாமல் போன காப்பு

தைப்பூசத்துக்கு உன் கையில் காப்புக் கட்ட மறுத்தது அநியாயம். அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

இன்று காலை கியூர்பிப் நகரத்தில் உன் மகளுடன் டாக்டரிடம் போயிருந்தேன். அவளுக்கும் இடுப்பு பெருத்துவிட்டது. “மெனோபோஸ். ஹார்மோன் குறையும்போது வயிற்றில் சதை போடும்,” என்றார் அவர், வானிலை சொல்வதுபோல. இந்த ஒரு வாக்கியத்தை அன்று உனக்குச் சொல்ல ஆளில்லை.

ஸ்வெட்டர் ஆலையில் உனக்குப் பக்கத்து மெஷின் என்னுடையது. குளிர்காலத்திலும் உன் கழுத்து வியர்க்கும். “அக்கா, உள்ளே யாரோ அடுப்பு மூட்டுறாங்க. அரை வயிறு சாப்பிட்டாலும் பாவாடை ஏற மாட்டேங்குது,” என்பாய். ஆனாலும் மாதவிலக்கு நின்றதில் உனக்கு மகிழ்ச்சி. வருடாவருடம் பத்து நாள் விரதத்தின் நடுவே அது வந்து உன்னை வீட்டில் உட்கார வைத்தது. “இந்த வருஷம் பால்குடம் என் தலையிலதான்,” என்றாய்.

கோயிலில் காப்புக் கட்டும் இடத்தில் கமிட்டிப் பெண்கள் மூவர் நின்றார்கள். ஒருத்தி உன் வயிற்றைப் பார்த்தாள். “தோ பா கபாவ்,” என்றாள் நம் தீவின் க்ரியோலில், உன்னால் முடியாதென்று. “பிள்ளைத்தாச்சி எடுக்கக் கூடாது.”

“அவளுக்கு மாதம் நின்னுடுச்சு,” என்றேன்.

“அதைத்தானே நாங்களும் சொல்றோம்.”

மூவரும் சிரித்தார்கள். வரிசையும் சிரித்தது. ‘நின்றுவிட்டது’ என்ற ஒரே சொல்லுக்கு அவர்களுக்குத் தெரிந்த பொருள் ஒன்றுதான். நீ வெளியே போனாய்.

அடுத்த வருடம் கூப்பிட்டேன். “வயித்தைக் காட்டவா, அக்கா?” என்றாய். அதன்பின் எத்தனை முறை கூப்பிட்டும் நீ வரவில்லை. பால்குடம் ஏறாத தலையோடுதான் போய்ச் சேர்ந்தாய். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நானே படித்துக்கொண்ட தமிழில் இதைக் கமிட்டிக்கும் எழுதப்போகிறேன். காப்புக்கு வரும் பெண்ணின் வயிற்றைப் பார்த்துப் பேசுவதைக் கமிட்டி நிறுத்த வேண்டும். தலைவர் இதை மைக்கில், க்ரியோலில், எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். மூவரில் உயிரோடிருக்கும் ஒருத்தி உன் மகளிடம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். உன் மகள் இந்த வருடம் காப்புக்குப் போக வேண்டும். அவள் கையில் அதைக் கட்டி முடிக்கும்வரை, பக்கத்திலேயே நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.