பசிபிக் கொதித்தால் உக்குவளையில் என்ன ஆகும், மச்சான்?

மச்சான்,

உன் வீட்டுக் கொல்லையில் தேங்காய் மட்டை ஊறுகிற நாற்றம் இன்றைக்கு உக்குவளை ஸ்டேஷன் வரைக்கும் வந்து, என்னைக் காதைப் பிடித்து இழுத்துப் போனது. போய்ப் பார்த்தால் என் தங்கச்சி, நீ கண்ணை மூடித் தனியே விட்டுப் போன உன் மனைவி, மிளகுக் கன்றுப் பைகளுக்கு நடுவில் நிற்கிறாள்.

"அண்ணே, எல் நினோ வருதுன்னு ரேடியோவுல சொல்றாங்க. இப்ப நடவா, வேணாமா? அவரு கையால வெட்டி வச்ச கன்னு. இதும் செத்துப்போனா தோட்டத்துல அவரு கை பட்டது ஒன்னும் இருக்காது."

ரிவர்ஸ்டன் மலை மூட்டத்தையே குத்தகைக்கு எடுத்தவன்போல் பேசித் திரிகிற நான், ஒரு கன்றுப் பையைத் தூக்கி ஈரம் பார்த்தேன்.

அந்தப் பெயரை முதன்முதலில் நாம் கேட்ட வருடம் நினைவிருக்கிறதா? பசிபிக் கடல் சூடாகிவிட்டது, பருவமழை பொய்க்கும் என்று இந்தியத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். நீ நம்பினாய். "பசிபிக் எங்க, உக்குவளை எங்க? அங்க தண்ணி கொதிச்சா இங்க யாரு டீ ஊத்துறது?" என்று கேட்டேன்.

"சிரிங்க மச்சான். வறட்சியில மீசை உதிரும்போது அழுவீங்க."

ஈரம் தங்கட்டும் என்று குழிக்குக் குழி மட்டையைப் புதைத்துக் கன்று நட்டாய். ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டது. மட்டை குடித்த தண்ணீரை விடவே இல்லை. உன் குழிகளில் முதலை குட்டி போட்டதாக நான் மாத்தளை டவுன் வரைக்கும் சொல்லிவிட்டு வந்தேன். வேர் அழுகிய கன்றை நீ கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றபோது மட்டும் வாயை மூடினேன்.

பிறகு விவசாயக் கந்தோரில், அந்த ஆபீஸில் வேலை பார்க்கிற மிஸ் விளக்கினார். டீவியில் சொன்னது அவர்களுடைய ஆடி, ஆவணி மழையை. நம் பக்கம், அந்தக் கடல் சூடான வருடங்களில் ஐப்பசி, கார்த்திகை மழை பெரும்பாலும் கூடும், தை பிறந்தால் குறையும். குளிர்ந்த வருடங்களில் ஐப்பசி மழை பெரும்பாலும் குறையும். கடல் குளிர்ந்த வருடம் வந்தது, நீ வறட்சிக்குத் தயாரானாய், மழை எப்போதும்போல் பெய்துவிட்டுப் போனது. திரும்பவும் போய்க் கேட்டோம். நம் இந்து சமுத்திரமும் ஆப்பிரிக்கப் பக்கம் சூடேறினால் இங்கே மழையைக் கூட்டுமாம், இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம். எனக்குத் தலை பம்பரமாகச் சுற்றியது. நீயோ வழியெல்லாம் யோசித்துவிட்டு, "ஒரு கடல் பேச்ச மட்டும் கேட்டா கெட்டோம் மச்சான்" என்றாய்.

இன்றைக்கு உன் மனைவிக்கு நான் என்ன சொல்ல?

"ஐப்பசியில மழை கூடுதலாத்தான் வரும். குழியில மட்ட வேணாம், தண்ணி வடிய கான் வெட்டு, நடு" என்றேன். சொன்ன வாய் மூடுமுன், "தையில காஞ்சா?" என்று நானே கேட்டேன். "அப்ப மட்டைய மேல பரப்பு." "மேல பரப்பினா கறையான் வராதா?" அதுவும் நானேதான்.

தங்கச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணே, அவரு பேச்சையும் நீங்களே பேசுறீங்க."

அவள் மண்வெட்டியை எடுத்துவிட்டாள். முதல் கானும் வெட்டியாயிற்று. மழை எப்படி வரும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது, மச்சான். நான் ஒன்று சொன்னதும் அதை மறுத்து உன் குரல் எனக்குள்ளே கிளம்பிவிடுகிறது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் வானத்தைப் பார்க்கிறேன்.