214-க்கு அடுத்து 1

04-03-2019, திங்கள்
ஓய்வு பெற்றுப் பதினோரு ஆண்டுகள், நான்கு மாதங்கள். இன்னும் குடிநீர் அலுவலகத்துக்கு நான் தேவைப்படுகிறேன். குழாய் வரைபடத் தாள்கள் 3,212. அனைத்தும் நாற்பது மீட்டர் வடக்கே தள்ளி வரையப்பட்டவை. ஒவ்வொன்றையும் திறந்து, தெற்கே நகர்த்தி, சேமித்து, அடுத்ததற்குச் செல்லும் நிரலை நானே எழுதினேன். ‘தொடங்கு’ பொத்தானும் ஓடும் தாளின் எண்ணும் கணினித் திரையில் ஒரு சிறு சாளரத்தில். இன்று ஓடத் தொடங்கியதும் சாளரம் வெளுத்து, ‘பதிலளிக்கவில்லை’ என்றது. உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. யார் கேட்டார்கள்?

“சார், உங்க புரோகிராம் மயக்கம் போட்டுடுச்சு, தண்ணி தெளிங்க” என்றான் தட்டச்சன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கீழே இருந்து இன்று பிரிவு அதிகாரியாகிவிட்டவனும்.

05-03-2019, செவ்வாய்
ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஒவ்வொரு தாள் முடிந்ததும் நிரல், சாளரத்தில் யாரேனும் எதையாவது அழுத்தினார்களா என்று கவனித்துவிட்டுத் தொடரும். சாளரம் இப்போது வெளுப்பதில்லை.

07-03-2019, வியாழன்
பாழ். ஓட்டம் முடியுமுன்பே கண்டு நான் நிறுத்திவிட்டேன், ஆனால் அதற்குள் தாள் 1 முதல் 214 வரை எண்பது மீட்டர் நகர்ந்துள்ளன. பிரதான வால்வு ஒரு பள்ளிக்கூட மாடிப்படியில் நிற்கிறது. தற்காலிக ஆபரேட்டர் பெண்ணிடம் ஓட்டக் கொடுத்ததன் பலன். நிரல் தானே எழுதிவைக்கும் பதிவுக் கோப்பில் தெளிவாக உள்ளது: 213, 214, பிறகு 1, 2, 3. பாதியில் மூடி, மறுபடி திறந்து, முதலிலிருந்து ஓட்டியிருக்கிறாள்.

கேட்டால், “நான் மூடவே இல்ல சார். 214-லயே நாலு நிமிஷம் நின்னுச்சு. ஓடலன்னு நெனச்சு தொடங்கு பட்டனை இன்னொரு தடவ அமுக்கினேன், அவ்வளவுதான்” என்கிறாள். ஓடிக்கொண்டிருப்பது எப்படி மறுபடி தொடங்கும்? பொய்யையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா?

மூலத்தின் நகல்கள் என்னிடம் பத்திரமாக உள்ளன, தாள்கள் பிழைத்துவிடும். பொய்யை விட முடியாது. மாலை 4.10-க்கு அதிகாரியிடம் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

08-03-2019, வெள்ளி
இனி வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்களாம். சரிதான்.

10-03-2019, ஞாயிறு
மனைவி கேட்டாள்: “அமுக்கினேன்னு அந்தப் பொண்ணு தானாவா சொல்லுச்சு?”

தானாகத்தான்.

“பொய் சொல்றவ தன் மேலயே தப்பு வர்ற மாதிரியா சொல்லுவா?”

கணினியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்றேன்.

“உங்களப் பத்தித் தெரியும்” என்றாள்.

11-03-2019, திங்கள்
பதிவுக் கோப்பை முதல் வரியிலிருந்து படித்தேன். நிரல் திறக்கப்படும்போதெல்லாம் நேரம் பதிவாகும், என் ஏற்பாடு. ஏழாம் தேதிக்கு ஒரே நேரம்தான் இருக்கிறது: காலை 9.42. அவள் மூடவே இல்லை.

ஐந்து நகல் தாள்களை வைத்து நானே ஓட்டினேன். மூன்றாவது தாள் ஓடும்போது ‘தொடங்கு’வை மறுபடி அழுத்தினேன். 3-க்கு அடுத்து 1, 2, 3, 4, 5. அது முடிந்ததும், உள்ளே காத்துக்கிடந்த முதல் ஓட்டம் எழுந்து 4, 5. ஓட்டத்துக்குள் இன்னொரு ஓட்டம். எல்லாம் நான் சேர்த்த அந்த ஒரு வரி. அழுத்துவதையெல்லாம் கேள் என்றேன். எதைக் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை.

முட்டாக் கிழவா, நாலு நாளா ஒரு பொண்ணப் பொய்க்காரின்னு சொல்லிட்டுத் திரியறியே — அமுக்கிப் பாக்க உனக்கு அஞ்சு நிமிஷம் கிடைக்கலயா?

12-03-2019, செவ்வாய்
“விடுங்க சார்” என்றான் அதிகாரி. “அவங்க கான்ட்ராக்ட் பதினஞ்சாம் தேதியோட முடியுது. உங்க பேரு ஏன் கெடணும்?”

என் பேரக் காப்பாத்த இவன் யாரு? ‘தவறு நிரலுடையது. நிரல் என்னுடையது. ஆபரேட்டர் கூறிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவரைத் திரும்ப அழைக்க வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, பெற்றுக்கொண்டதாக அவனிடம் கையொப்பம் வாங்கிய பிறகே நாற்காலியை விட்டு எழுந்தேன்.

13-03-2019, புதன்
திருத்தம். அழுத்தியதுமே ‘தொடங்கு’ சாம்பல் நிறமாகிச் செயலற்றுப்போகும். ஓட்டம் முடிந்தாலோ பிழையால் நின்றாலோதான் உயிர் பெறும். புதிதாக ‘நிறுத்து’. அது ஒரு குறியை மட்டும் வைக்கும். கையிலுள்ள தாளைச் சேமித்த பின் நிரல் அந்தக் குறியைப் பார்த்து நிற்கும். சாளரத்தை மூட முயன்றாலும் அதே குறிதான். மறுபடி தொடங்கினால், நின்ற தாளுக்கு அடுத்ததிலிருந்து ஓடும்.

‘தொடங்கு’வை ஐம்பது முறை அழுத்திப் பார்த்தேன். “அது உங்கள என்ன பண்ணுச்சு?” என்றாள் மனைவி.

20-03-2019, புதன்
ஆபரேட்டர் 10.05-க்கு வந்தார். மூன்று மாத நீட்டிப்பு. எழுந்து நின்று, “தப்பு என்னோடதும்மா” என்றேன். தலையை மட்டும் அசைத்து, கணினி முன் அமர்ந்தார்.

12.58-க்கு ‘நிறுத்து’வை அழுத்தினார். தாள் சேமிக்கப்பட்டு, ஓட்டம் நின்றது. பையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் புறப்பட்டவர், என் மேசையருகே நின்றார்.

“சார், 412-ல நிக்குது. ஒரு தடவ வந்து பாத்துடுங்க. சாட்சிக்கு.”

எழுந்து போய்ப் பார்த்தேன். 412.