நீங்கள் விற்ற என் மொறிஸ் மைனர்

அண்ணை,

நேற்றுக் குருநகர்த் தேவாலயத்தில் ஒரு கல்யாணம். என்னோடு படிப்பித்த ஆசிரியையின் மகளுக்கு. கல்யாணப் பொம்பிளையை ஏற்றிவந்த கார் வாசலில் திரும்பி ஹோண் அடித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. புதுப் பூச்சு, பூமாலை, வெள்ளை நாடா. எல்லாவற்றுக்கும் உள்ளே என்னுடைய மொறிஸ் மைனர். சாரதியிடம் கேட்டு உள்ளே தலையை நீட்டினேன். பழைய றெக்சீன் மணம் அப்படியே இருந்தது. உங்கள் மேல் எனக்குள்ள கோபமும் அப்படியே இருந்தது.

நீங்கள் செத்து ஒரு வருடமாகிறது; ஆட்டைத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம். ஒரு பக்கம் எழுதித் தரும்படி உங்கள் மகன் கேட்டிருக்கிறான். அதில் போட முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் கணவர் காலமான பின் மகளோடு தனித்திருந்த காலத்தில், என் சம்பளத்தில் சேர்த்து, வட்டுக்கோட்டையில் வேலையிலிருந்து இளைப்பாறிய டொக்டர் ஒருவரிடம் வாங்கிய கார் அது.

"பதிவை என்ரை பேரிலை விடு. ஆம்பிளையின்ரை பேர் இருந்தால் ஒருத்தரும் கேள்வி கேளாங்கள்" என்றீர்கள். நம்பினேன்.

நல்ல கார், அண்ணை. மழைக்கு இடப்பக்கக் கதவால் ஒழுகும். மகள் மடியில் ஒரு பேசின் வைத்துத் தண்ணீரை ஏந்திக்கொண்டு வருவாள். சண்டையால் பாதை பூட்டிப் பெற்றோல் வராத வருடங்களில் கார்ப்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் ஆக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினேன். பின்னால் எழும் புகையைக் கண்டு, "ரீச்சரின்ரை அடுப்பு வருது" என்று பிள்ளைகள் கத்துவார்கள். எனக்கும் சிரிப்பு வரும். பாதைகள் திறந்த பிறகு ஒரு பின்னேரம் வல்வெட்டித்துறை வரைக்கும் ஓட்டிப்போய், காருக்குள் இருந்தபடியே கடலைப் பார்த்துக்கொண்டு நானும் மகளும் வடை சாப்பிட்டோம். ஒருவரிடமும் கேட்காமல் நான் போய்வந்த முதல் பயணம் அது.

நீங்கள் மட்டும் அதில் ஏறவில்லை. "பொம்பிளை ஓட்ட நான் பக்கத்திலை குந்திக்கொண்டு வாறதோ?" என்று மழையில் நனைந்து நடப்பீர்கள்.

ஒருநாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். அண்ணி கத்திக்கொண்டு ஓடிவந்தார். உங்களைப் பின் சீற்றில் கிடத்தி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனது நான். "ஆர் கொண்டுவந்தது?" என்று டொக்டர் கேட்டார். நீங்கள் கண்ணைத் திறந்து, "பக்கத்து வீட்டுப் பெடியன்" என்றீர்கள். கையில் கார்த் திறப்புக் கொத்தோடு நான் உங்கள் தலைமாட்டில் நின்றேன்.

பிறகு மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கொழும்புக்குப் போனேன். திரும்பி வந்தபோது கொட்டகையில் எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது.

"கார் எங்கை, அண்ணை?"

"வித்திட்டன்."

"ஆரின்ரை காரை?"

"பதிவுப் புத்தகத்திலை ஆரின்ரை பேர் கிடக்குது? உனக்கு இனி என்ன ஓட்டம்? பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இரு."

காசை நீட்டினீர்கள். நான் வாங்கவில்லை. நீங்கள் அதை மேசையில் வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தீர்கள். அன்றைக்கு நீங்கள் சோறு பிசைந்த விதம்கூட எனக்கு மறக்கவில்லை.

கடைசிக் காலத்தில் கிளினிக்குக்குப் போக, வாசல் படலையடியில் கதிரை போட்டு ஓட்டோவுக்குக் காத்திருப்பீர்கள். ஒருநாள் வெயிலில் வியர்த்தபடி, "உந்தக் கார் நிண்டிருந்தால் சுகமாய்ப் போயிருக்கலாம்" என்றீர்கள். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். "ஓம்" என்றேன். அதற்கு மேல் நீங்கள் ஏதாவது சொல்வீர்களென்று காத்துக்கொண்டு நின்றேன். ஓட்டோதான் வந்தது.

செத்தவரோடு கோபம் கூடாதென்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர்களுடைய காரை நீங்கள் விற்கவில்லை.

இப்போது நான் பஸ்ஸில் போகிறேன். சாரதி கியர் மாற்றும்போதெல்லாம் என் இடது கால் தன்பாட்டில் கீழே அமுக்குகிறது. கால் நோகிறதா என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். இல்லை என்பேன். அந்தக் கால் இன்னும் என் காரைத்தான் ஓட்டுகிறது. கோபமும் ஆறவில்லை, அண்ணை. அதை ஆற்ற எனக்கு விருப்பமும் இல்லை.