வெயிலில் காய்ந்த விதைகள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

இங்கே பழைய சோளக்காட்டில் மரவிதைகளை நேரடியாக ஊன்றி வனம் வளர்க்கிறோம். ஈரமாக வந்த நாற்பது மூட்டையையும், நம் விதைநெல் போல, வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டேன். இந்த விதை காய்ந்தால் செத்துவிடுமாம். ஊன்றிய பிறகுதான் தெரிந்தது. சிரிக்காதீர்கள்.

மேற்பார்வையாளர் தினமும், “முளைச்சுதா?” என்கிறார்.

“ரெண்டு நாள்ல வந்துரும் சார்” என்று புளுகுகிறேன். தெரிந்தால் வேலை போய்விடும். அவர் நகர்ந்ததும் மண்ணைக் கிளறிக் கிளறிப் பார்த்து நகமெல்லாம் பிய்ந்துவிட்டது. நம் வீட்டு நகவெட்டியை அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கும், ஆனால் அதுதான் வேண்டும். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

அவர் வருகிறார், முடிக்கிறேன். அப்பா, செத்த விதை ஏதாவது முளைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்ததில்லை என்றாலும், பார்த்தேன் என்றே எழுதுங்கள்.

உங்கள் மூத்தவன்