முன்னால் அப்பா, பின்னால் அக்கா

05.08.2012

பூஞ்சணம் பிடித்துவிட்டது. மண்டபம் அகதி முகாமிலேயே தொடங்கியிருக்க வேண்டும். இன்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, லென்ஸுக்குள் வெள்ளை வேர் ஓடியிருக்கிறது. துடைத்தாலும் போகாது. இராமநாதபுரம் ஸ்ரூடியோவில் இத்தனை வருடம் வேலைக்கு நின்றதுக்கு முதலாளி தந்த பிலிம் கமரா. உடம்பு நல்லாய்த்தான் இருக்கிறது, கண்தான் போய்விட்டது.

போனில் எடுக்கலாமே என்கிறாள் பக்கத்து வீட்டு வேணுஜா. எடுத்துப் பார்த்தேன். இந்தத் தகரக் கொட்டிலின் இருட்டில் அப்பா தார் பூசின மாதிரி வருகிறார். பிளாஷ் அடித்தால் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிகிறார். ஒருதரம் அடித்தேன். இனி அடிக்க மாட்டேன்.

"இனி வீட்டில வைச்சுப் பாருங்கோ" என்று ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்குள் எனக்கு ஒரு படம் வேண்டும். அப்பாவும் இந்திரா அக்காவும் ஒன்றாய். பெரிய ஆசையா இது?

07.08.2012

மன்னாருக்குப் போனேன், சாஹுல் ஹமீட் நானாவின் ஸ்ரூடியோவுக்கு. முகாமில் 'பாய்' என்று கூப்பிட்டுப் பழகின வாய்க்கு இங்கே திரும்ப 'நானா'. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது போய், புத்தளத்தில் இருபது வருடம் கிடந்துவிட்டு வந்து பழைய கடையையே திறந்திருக்கிறார். நோன்பு நாள். தான் ஒரு மிடறும் குடியாமல் எனக்கு மட்டும் தேத்தண்ணி எடுப்பித்தார். வேண்டாமென்றாலும் விடவில்லை.

என் கமராவுக்குப் பொருந்துகிற ஐம்பது எம்.எம். லென்ஸ் இரண்டு வைத்திருக்கிறார். ஒன்று "ரெண்டு", மற்றது "ஒன்று தசம் நாலு". எண் குறைந்தால் வாய் பெரிது, வெளிச்சம் கூடப் போகும்.

"இருட்டுக்குத் தசம் நாலுதான் தங்கச்சி. ஆனா முழுக்கத் திறந்தீங்களெண்டா ஒராள்தான் தெளிவு. மற்ற ஆள் புகை மாதிரிப் போயிடும்."

"எனக்கு ரெண்டு பேர் வேணும் நானா."

"அப்ப ரெண்டை எடுங்கோ. பின்னுக்கு நிக்கிற ஆளும் ஓரளவு தெரியும்."

"அப்பாவுக்குத் தலை ஆடும். அதில எடுத்தா வெளிச்சத்துக்குக் கன நேரம் திறக்க வேணும், ஆட்டம் விழுந்திடும்."

தாடியைத் தடவினார். இரண்டையும் பேப்பரில் சுற்றித் தந்தார். "எடுத்துப் பாருங்கோ. சரியானதை வைச்சுக்கொண்டு மற்றதைத் தாங்கோ."

08.08.2012

அக்கா காலையும் பின்னேரமும் வருகிறாள். அப்பாவைத் துடைக்கிறாள், வேட்டி மாற்றுகிறாள், கஞ்சி பருக்குகிறாள். ஒரு சொல் கிடையாது. நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து இப்படித்தான்.

தொண்ணூறில் பேசாலையில் இந்தியாவுக்குப் போகிற படகில் இடம் காணாது. அப்பா என்னை மட்டும் ஏற்றினார். கரையில் நின்ற அக்காவிடமும் அத்தானிடமும் "நாளைக்கு வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்றார். அந்த நாளை வரவேயில்லை. திரும்ப வர ஒரு படகுகூடக் கிடைக்கவில்லை என்று அப்பா எத்தனை தரம் எனக்குச் சொல்லி அழுதிருப்பார். அக்கா வன்னிக்குப் போனாள். கடைசிச் சண்டையில் அத்தானும் போய், மகனும் போய், தனியாகத் திரும்பி வந்தாள். அவளை நான் என்னவென்று குற்றம் சொல்வது?

அவள் போன பிறகு அப்பா மெல்லக் கேட்பார்: "பிள்ளை சாப்பிட்டவளோ?" அதை அவளிடமே கேட்க அவருக்கு வாய் வராது. இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரி.

அக்காவையும் படத்துக்கு நிற்கச் சொன்னேன். "எனக்கென்னத்துக்கு? அவரை எடு. வடிவா, தெளிவா எடு. பிறகு சுவரில கொழுவ ஒண்டு வேணுமெல்லே" என்றாள். சுள்ளென்று சொன்னாள்.

11.08.2012

நேற்று "ரெண்டில்" எடுத்ததை நானா கழுவித் தந்தார். எல்லாத்திலும் அப்பாவுக்கு இரண்டு தலை. முடிவு செய்துவிட்டேன், ஒன்று தசம் நாலு. அக்கா நிற்கவே மாட்டாளாம், பிறகு இரண்டு பேருக்குத் தெளிவு எதுக்கு? அப்பாவின் முகம் ஒன்றாவது மிஞ்சட்டும்.

12.08.2012

மூச்சு இழுக்கிறது. எடுக்கவில்லை.

15.08.2012

எடுத்துவிட்டேன். என்ன செய்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

காலையில் அப்பா கொஞ்சம் தெளிவாய் இருந்தார். கதிரையை வாசலோடு போட்டு இருத்தினோம். அக்கா பின்னால் நின்று சீப்பால் தலை இழுத்துவிட்டாள். நான் இரண்டு கையும் விரித்த ஒரு பாகத் தூரத்தில் குந்தினேன். இந்தக் கமராவில் லென்ஸுக்குள்ளால் பார்ப்பதில்லை. பக்கத்துச் சின்னக் கண்ணாடியில் ஒரு முகம் இரண்டாய்த் தெரியும், வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் அந்த முகம் தெளிவாய் விழும். அப்பாவின் முகத்தைப் பொருத்திவிட்டேன். விரலை அமத்தினால் சரி.

அப்போது பார்த்தேன், அக்கா இன்னும் போகவில்லை. சீப்பைப் பிடித்தபடி குனிந்து அப்பாவின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் படம் எடுப்பதே அவளுக்கு மறந்துவிட்டது. ஐயோ, அந்த முகம்! சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் அப்படிப் பார்ப்பாள். இந்த வருடங்களில் ஒருநாளும் காணவில்லை.

என் கை வளையத்தைத் திருப்பியது. அக்காவில் பொருத்தினேன். அமத்தினேன்.

இன்னொன்று எடுக்க முதல் அப்பாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அக்கா சீப்பை எறிந்துவிட்டு அவரைத் தாங்கினாள். படுக்கவைத்தோம். நாளைக்கு எடுக்கலாம்.

16.08.2012

ஆசுபத்திரி. அக்காவும் கூட வந்தாள்.

17.08.2012

அப்பா போயிட்டார்.

29.08.2012

படம் வந்துவிட்டது. நானா கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னுக்கு நிக்கிறது ஆர்?"

"அக்கா."

"அப்பாவை விட்டிட்டீங்களே தங்கச்சி."

ஏச்சில்லை, இரக்கத்தில்தான் சொன்னார். முன்னால் அப்பா வெறும் வெள்ளைப் புகை. தலைமயிரும் என் பக்கம் திரும்பின முகமும் தெரிகிறது, கண் எங்கே வாய் எங்கே என்று இல்லை. பின்னால் அக்காவின் கண்ணிமைகூட எண்ணலாம். "ரெண்டில்" எடுத்திருந்தால் இரண்டு பேரும் அரைகுறையாய் என்றாலும் இருந்திருப்பார்கள். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லிவிட்டு வந்தேன். இதை அக்காவுக்குக் காட்டவில்லை.

16.09.2012

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. சுவரில் அடையாள அட்டை அப்பா, முப்பது வயதில், ஆரோ ஒரு ஆள் மாதிரி. "படம் பிடிக்கிற பிள்ளை வீட்டில இருந்தும் இதுதானோ கிடைச்சது?" என்று மாமி எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னா. சனம் போன பிறகு அக்கா கேட்டாள்: "அண்டைக்கு எடுத்தனியே, அது எங்க?"

ஒளிக்க ஏலவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

"அவரையெல்லே எடுக்கச் சொன்னனான்" என்றாள். பிறகு வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"நான் இப்பிடியே பாத்தனான்?"

"ஓமக்கா."

"அவர் உன்ர பக்கமெல்லோ பாத்துக்கொண்டிருக்கிறார். என்னைக் காணேல்லையே." அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். "அவருக்குத் தெரியாமலே போச்சேயடி, கீர்த்தி."

எனக்குத் தெரிஞ்சதுதானே. அந்த நேரம் எனக்கு மட்டுந்தானே தெரிஞ்சது. 'அப்பா, ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ' எண்டு சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்? வாயில என்ன, கொழுக்கட்டையே இருந்தது? நான் வளையத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தனான்.